வாசகர் கேள்வி–பதில்: ஸ்மித் ராக்கில் ஒரு பகல் நடை

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டெரபோன் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது ஸ்மித் ராக் ஸ்டேட் பார்க். காய்ந்த மேட்டுநிலத்தில் செங்குத்தாக எழும் பழுப்புப் பாறைகளும், அவற்றின் அடிவாரத்தை வளைத்து ஓடும் க்ரூக்கட் ஆறும் சேர்ந்த இடம். பாறை பார்க்கப் போகிறவர்களும் பறவை பார்க்கப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: ‘முதலில் மிசரி ரிட்ஜ் ஏறிவிடு, பிறகு ஆற்றோரமாகத் திரும்பி வா’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்குப் பறவைதான் முக்கியம். அதே வழியில் போகலாமா?
*வாசகர், பீவர்ட்டன்*

வேண்டாம். பறவைக்காகப் போகிறவர்கள் அந்தச் சுற்றைத் தலைகீழாக நடக்க வேண்டும். அதற்குக் காரணம் வெயில்.

வழியை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடம் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 50 மீட்டர் கீழே இறங்கினால் ஆறு, அதைக் கடக்க ஒரு நடைபாலம். பாலத்தைத் தாண்டி நேராக ஏறினால் பாறை உச்சிக்குப் போகும் மிசரி ரிட்ஜ் பாதை. இடப்பக்கம் திரும்பினால் ஆற்றின் ஓட்டத்தோடு போகும் ரிவர் டிரெயில். ஆறு குதிரை லாடம் போல வளைந்து பாறையின் மேற்குப் பக்கத்துக்குப் போகிறது, பாதையும் கூடவே போகிறது. மேற்குப் பக்கத்தில் மெசா வெர்டி டிரெயிலைப் பிடித்தால் மங்கி ஃபேஸ் என்ற பாறைத் தூணை ஒட்டி வளைந்து வளைந்து உச்சிக்கு ஏறலாம். மொத்தச் சுற்று ஆறு, ஆறரை கிலோமீட்டர். ஆற்று மட்டத்திலிருந்து உச்சி ஏறக்குறைய 200 மீட்டர் உயரம்.

மிசரி ரிட்ஜின் முன்பக்கம் தென்கிழக்கைப் பார்த்தது. சூரியன் எழுந்ததும் வெயில் நேராக அந்தச் சரிவில்தான் விழும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதே நேரத்தில் மேற்குப் பக்கம் பெரும்பாலும் நிழலில் இருக்கும். ஆற்றோரப் பறவைகள் விடிந்து இரண்டு மணி நேரம் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு அடங்கும். கழுகு, பைரி போன்ற வேட்டைப் பறவைகளின் கணக்கு வேறு. பாறை சூடேறிக் காற்று மேலே எழும்பத் தொடங்கிய பிறகுதான், அதாவது ஒன்பதரை, பத்து மணிக்குத்தான், அவை வட்டமடிக்கும்.

ஆகவே நாளை இப்படி அமையுங்கள். விடியும்போது பாலத்தில் நில்லுங்கள். ஏப்ரல் நடுவில் அங்கே சுமார் 6.20க்குச் சூரிய உதயம், ஜூன் கடைசியில் 5.20. இடப்பக்கம் திரும்பி, ரிவர் டிரெயிலில் இரண்டு மணி நேரம் நிதானமாக நடங்கள். நடந்துகொண்டே இருக்கக் கூடாது. வில்லோ புதர் அடர்ந்த வளைவு வந்தால் கால் மணி நேரம் உட்காருங்கள். பிறகு நிழலில் மெசா வெர்டி ஏற்றம். பத்து மணிக்கு உச்சியில் இருந்தால் கழுகு உங்கள் கண் மட்டத்திலேயே பறக்கும், சில சமயம் காலுக்குக் கீழேகூட. அதன் பிறகு வெயில் பட்டுக்கொண்டிருக்கும் முன்பக்கத்தில் இறங்கிவிடலாம். வெயிலில் இறங்குவது ஏறும் அளவுக்கு உடம்பை வாட்டாது.

இந்த வழியில் ஒரே ஒரு பாதகம்: முன்பக்கம் செங்குத்து, அங்கங்கே படிக்கட்டு, படிக்கட்டு இல்லாத இடத்தில் பாறைத் துகள். கெட்டியான மண்ணின் மேல் உருண்டைத் துகள் கிடப்பதால், தரையில் சிந்திய ரவை மேல் கால் வைத்தது போல வழுக்கும். தேய்ந்த ஷூவோடு இறங்காதீர்கள். குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் வைத்து, சிறு சிறு எட்டாக இறங்குங்கள். ட்ரெக்கிங் ஸ்டிக் இருந்தால் ஏறும்போது வைத்த நீளத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கூட்டுங்கள். முழங்காலில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் உச்சியிலிருந்து வந்த வழியே திரும்புவது மேல். தூரம் கூடும், ஆனால் சரிவு மிதமானது.

இன்னொன்று. எந்த வழியில் சுற்றினாலும் கடைசியில் பாலத்திலிருந்து கார் வரை அந்த 50 மீட்டரை ஏறியாக வேண்டும். ஆற்றுக்கு வந்ததும் நடை முடிந்தது என்று மிச்சத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு, நண்பகல் வெயிலில் இந்த ஏற்றத்தில் தலைசுற்றி உட்காருகிறவர்கள் உண்டு. அரை லிட்டரை இதற்கென்று ஒதுக்குங்கள்.

கே: எந்த மாதம் போகலாம்? மே மாத விடுமுறை ஒத்துவருமா?
*வாசகர், சியாட்டில்*

நன்றாக ஒத்துவரும். ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரைதான் பறவைக்கு முதல் தரமான காலம். தகைவிலான்களும் உழவாரன்களும் வந்து சேர்ந்திருக்கும், கழுகுக் கூட்டில் குஞ்சு இருக்கும், புதர்கள் முழுதாக இலை விடாததால் சிறு பறவைகள் கண்ணுக்குத் தெரியும். ஜூன் பாதிக்கு மேல் அதே புதரில் பாட்டு கேட்கும், பறவை தெரியாது.

இது பாலைவனம் என்றதும் எப்போதும் சூடாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று கேஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கே இந்தப் பகுதிக்கு ஆண்டுக்கு ஒன்பது அங்குலம் போலத்தான் மழை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே கோவை, திருநெல்வேலிப் பக்கம் மழை மறைவுப் பகுதியாக இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் ஸ்மித் ராக் இருப்பது வடக்கே வெகு தூரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில். ஏப்ரல் விடியலில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும், மதியம் 15 டிகிரிக்கு ஏறும். ஒரே கனமான ஜாக்கெட்டுக்குப் பதிலாக மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகளாக உடுத்துங்கள். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் உச்சிக் காற்றில் குளிரும், உள்ளே போட ஏற்றதல்ல.

ஜூலை, ஆகஸ்டில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் காருக்குத் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள், இல்லாவிட்டால் உச்சியை விட்டுவிடுங்கள். பாசனத்துக்கு மேலே தண்ணீரை எடுத்துவிடுவதால் கோடையில் ஆறும் இளைத்துவிடும். அக்டோபர் நடைக்கு அருமை, பறவைக்குச் சுமார். குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகும், ஓடும் தண்ணீருக்குள்ளேயே முங்கி நடந்து இரை தேடும் டிப்பர் என்ற குருவியும் கண்ணில் படலாம். ஆனால் படிக்கட்டிலும் மேற்குப் பக்க நிழலிலும் பனி உறைந்து கிடக்கும். அந்த மாதங்களில் ஆற்றோரம் மட்டும் போதும்.

போர்ட்லண்டிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். விடியலுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் முந்தைய இரவு ரெட்மண்டிலோ மெட்ராஸ் என்ற ஊரிலோ தங்குவதே புத்திசாலித்தனம். ஆமாம், ஒரிகனிலும் ஒரு மெட்ராஸ் இருக்கிறது, வழியிலேயே வரும். மவுண்ட் ஹூட் வழியாகப் போகும் 26ஆம் நெடுஞ்சாலையில் ஏப்ரலில்கூடப் பனி விழும், கிளம்பும் முன் சாலை நிலவரம் பாருங்கள். வசந்த கால வார இறுதிகளில் பார்க்கிங் காலை நடுவிலேயே நிரம்பிவிடும். சீக்கிரம் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கே: மேலே வட்டமடிப்பதெல்லாம் எனக்கு ஒன்று போலத் தெரிகிறது. கழுகு எது, பிணந்தின்னி எது, பைரி எது?
*வாசகர், சான் ஹோசே*

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். வெயிலுக்கு எதிரே எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். இறக்கையைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள்.

டர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னிதான் அங்கே அதிகம் தென்படும். இரண்டு இறக்கையையும் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல நன்றாகத் தூக்கிப் பிடித்திருக்கும். முக்கியமாக, ஒரு நிலையில் நில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே மிதக்கும். தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியது. அடியிலிருந்து பார்த்தால் இறக்கையின் பின்பாதி வெளிறி, இரண்டு நிறமாகத் தெரியும்.

கோல்டன் ஈகிள் ஆடாது. இறக்கையை லேசாக மட்டும் தூக்கி, பலகை போல நிலையாக மிதக்கும். தலையும் வாலும் நன்றாக நீண்டு தெரியும். திரும்பும்போது பிடரியில் வெயில் பட்டால் பொன் நிறம் பளிச்சிடும். வாலின் அடியிலும் இறக்கையின் நடுவிலும் வெள்ளைத் திட்டு இருந்தால் அது இளம் பறவை. அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு வெண்தலைக் கழுகு என்று எழுதிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. வளர்ந்த வெண்தலைக் கழுகுக்குத் தலை முழுக்கவும் வால் முழுக்கவும் வெள்ளை, இறக்கை மடங்காத நேர்கோடு. ஐயம் வேண்டியதில்லை.

பிரெய்ரி ஃபால்கன் பைரி இனம். கூர்மையான இறக்கை, மணல் நிறம், காக்கை அளவு உடம்பு. தலைக்கு மேல் போகும்போது இறக்கை உடம்போடு சேரும் இடத்தை மட்டும் பாருங்கள். அக்குளில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வேறு எந்த ஃபால்கனுக்கும் அங்கே அது கிடையாது.

ஆற்றின் மேல் ஒரு பெரிய பறவை ஓரிடத்தில் இறக்கையடித்து நின்று, காலை நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்தால் விரால் அடிப்பான். குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கு வருகிற அதே இனம்தான். அங்கே கோடைக் காலப் பறவை.

பாறையை ஒட்டிச் சிறிதாக, வேகமாகப் பறப்பவற்றில் இரண்டைப் பிரித்தறிவது கொஞ்சம் சிரமம். வெண்கழுத்து உழவாரன் அரிவாள் போல மெல்லிய, விறைத்த இறக்கை கொண்டது. கறுப்பும் வெள்ளையுமாக மின்னும், உட்காரவே உட்காராது. வயலட்-கிரீன் தகைவிலான் இறக்கையை அடிக்கடி மடக்கி விரிக்கும், முகத்தில் வெள்ளை கண்ணுக்கு மேல் வரை ஏறியிருக்கும், பின்னிடுப்பின் இரு பக்கமும் வெள்ளை. இரண்டுமே பாறை இடுக்கில் கூடு வைப்பவை, ஒரே இடத்தில் கலந்து பறக்கும். மூன்றாவதாக கிளிஃப் தகைவிலான். இது ஆற்றங்கரைச் சேற்றை உருண்டை உருண்டையாக அலகில் கொண்டுவந்து பாறையின் உட்குழிவில் சுரைக்குடுக்கை வடிவில் கூடு கட்டும். ஒரு கூட்டுக்கு ஆயிரத்துக்குப் பக்கமாக உருண்டை வேண்டும். மே மாதத்தில் சேறு அள்ளும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். சேறு ஒட்டிக்கொள்ளாதபடி இறக்கையைத் தூக்கிப் படபடத்துக்கொண்டே அள்ளுவது நன்றாகத் தெரியும்.

பார்ப்பதற்கு முன் கேட்கும் பறவை ஒன்று உண்டு: கேன்யன் ரென். பாறைச் சுவரிலிருந்து தெளிந்த விசில் ஒன்று படியிறங்குவது போல மேலிருந்து கீழே வரும், வர வர வேகம் குறையும். எதிரொலி காரணமாகத் திசை தப்பும். ஒலி வரும் இடத்தைத் தேடாமல் பாறை இடுக்கில் துள்ளும் அசைவைத் தேடுங்கள். வெள்ளைத் தொண்டையும் துரு நிற வயிறும் கொண்ட சின்னஞ்சிறு குருவி அது.

கே: ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் 65க்கு மேல். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?
*வாசகர், ஹில்ஸ்பரோ*

தாராளமாக. மிசரி ரிட்ஜை மட்டும் விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு ஆற்றுக்கு இறங்குவதே சிரமம் என்றால் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய விளிம்புப் பாதையே போதும். எதிரே மொத்தப் பாறைச் சுவரும் ஆற்று வளைவும் தெரியும். வேட்டைப் பறவை பார்க்க இதைவிட வசதியான இடம் கீழேகூட இல்லை. மடக்கு நாற்காலி கொண்டுபோங்கள். இறங்க முடியும் என்றால் ‘சூட்’ என்ற செங்குத்துக் குறுக்குவழியைத் தவிர்த்து, மிதமாக இறங்கும் கேன்யன் டிரெயிலில் கூட்டிப் போங்கள். பாலத்தைத் தாண்டியதும் ஆற்றோரம் ஓரளவு சமதளம். எங்கே வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்பதுதான் இதன் நன்மை. திரும்பும் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்தால் அவசரம் இருக்காது.

உயரத்தால் மூச்சு வாங்கும் என்ற கவலை வேண்டாம், ஏற்காட்டைவிடத் தாழ்வான இடம்தான். வறட்சிதான் கவனிக்க வேண்டியது. காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை தோலில் நிற்காமல் உடனே ஆவியாகிவிடும். சென்னையில் வியர்த்தால் சட்டை நனைகிறது, தண்ணீர் குடிக்கத் தோன்றுகிறது. இங்கே உடம்பு நீரை இழப்பதே தெரியாது. தாகத்தை நம்பாமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலைந்து வாய் குடிக்கக் கொடுங்கள். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அன்றைய அளவு பற்றி மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். இன்சுலினைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மூடிய கார் வெயிலில் அடுப்பாகிவிடும். அப்பாவின் சட்டைப் பையிலேயே குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் எரிச்சல், பேச்சில் குழப்பம் வந்தால் வெயிலா சர்க்கரையா என்று யோசிக்காமல் உட்கார வைத்து முதலில் அதைக் கொடுங்கள், பிறகு அளந்து பாருங்கள்.

கே: புவியியல் படிக்கிறேன். ஸ்மித் ராக் படங்களில் ஒரு கரை பழுப்பாகவும் எதிர்க்கரை கறுப்பாகவும் இருக்கிறதே, ஏன்?
*மாணவி, சேலம்*

நல்ல கண். இரண்டும் வெவ்வேறு எரிமலைகளின் வேலை, காலமும் வேறு.

பழுப்புச் சுவர் டஃப் எனப்படும் எரிமலைச் சாம்பல் பாறை. ஏறத்தாழ 2 கோடியே 95 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரும் வெடிப்பு ஒன்றில் பூமிக்கடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியேற, மேற்பரப்பு உள்ளே சரிந்தது. அப்படி உண்டான க்ரூக்கட் ரிவர் கால்டெரா சுமார் 41 கிலோமீட்டர் நீளம், 27 கிலோமீட்டர் அகலம். அந்தப் பள்ளத்தில் நிறைந்த சூடான சாம்பலும் பியூமிஸ் என்ற நுரைக்கல் துண்டுகளும் இறுகிப் பாறையாயின. பின்னர் சூடான நீர் ஊடுருவி அதன் கனிமங்களை மாற்றி இன்னும் கெட்டியாக்கியது. சிவப்பு, இரும்பு ஆக்சைடின் நிறம். சாம்பலில் சிக்கிய மென்மையான துண்டுகள் அரித்துப் போன இடம் குழியாகவும், கடினமானவை நின்ற இடம் குமிழாகவும் இருக்கிறது. பாறை ஏறுபவர்களுக்கு விரல் பிடிக்கக் கிடைப்பது இந்தக் குழியும் குமிழும்தான். 1980களில் அமெரிக்க ஸ்போர்ட் கிளைம்பிங் இங்கே வேர்விட்டதற்கும் அதில் பங்கு உண்டு.

கார் நிறுத்துமிடம் இருக்கும் கறுப்பு விளிம்பு பசால்ட். தெற்கே 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் நியூபெரி எரிமலையிலிருந்து வெகு பின்னால் ஓடிவந்த லாவா. பழைய பள்ளத்தை அது நிரப்பி, ஆற்றை டஃப் சுவரோடு நெருக்கித் தள்ளியது. இரண்டு பாறையும் சந்திக்கும் விளிம்பை ஆறு அறுத்துக்கொண்டு போனது. அதனால்தான் ஒரு கரை ஒரு யுகம், மறுகரை வேறு யுகம். ‘சூட்’ வழியாக இறங்கும்போது நடுவில் நின்று திரும்பிப் பார்த்தால், பசால்ட் குளிர்ந்து சுருங்கும்போது தூண் தூணாக வெடித்திருப்பது தெரியும். எதிரே டஃப்பில் அந்தத் தூண் அமைப்பே இருக்காது.

உங்கள் பாடத்தோடு ஒப்பிட வேண்டுமானால், பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துச் சார்னகைட் பூமியின் ஆழத்தில் உருவான, சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. அதன் முன்னே ஸ்மித் ராக் மிக இளையது.

கே: எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பாடு? ஆற்றுத் தண்ணீரை ஃபில்டர் செய்து குடிக்கலாமா?
*வாசகர், பாய்சி*

ஆற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். விவசாய நிலங்களின் வழியாக வருகிற ஆறு. சாதாரணக் கையடக்க ஃபில்டர் கிருமியைத் தடுக்கும், கரைந்திருக்கும் உரத்தையும் பூச்சிமருந்தையும் தடுக்காது.

நான்கு மணி நேரச் சுற்றுக்கு ஆளுக்கு ஏப்ரலில் இரண்டு லிட்டர், ஜூலையில் மூன்று. மேலே கார் நிறுத்துமிடப் பகுதியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பாதையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உப்புக் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொள்ளுங்கள், அல்லது எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் சேருங்கள்.

புளியோதரையும் எலுமிச்சை சாதமும் இதற்கென்றே பிறந்தவை. புளிப்பும் எண்ணெயும் இருப்பதால் அரை நாள் தாங்கும், உப்பும் கிடைக்கும். தேங்காய்ச் சட்னி வெயிலில் முதலில் கெடும், வேண்டாம். தயிர்சாதம் என்றால் குளிர்பையில் வைத்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். வேர்க்கடலை மிட்டாய், முறுக்கு, பேரீச்சை நடக்கும்போது கொறிக்க ஏற்றவை. காக்கைக்கு வைக்கும் பழக்கத்தில் ஒரு பிடி சாதத்தைப் பாறையில் வைத்துவிடாதீர்கள். நிலஅணில்களும் மாக்பை என்ற காக்கை இனப் பறவைகளும் மனிதர்களிடம் பழகிப்போனால் மற்றப் பறவைகளின் கூட்டுக்கே ஆபத்து. மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் மாக்பை தின்னும். ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் பையில் திரும்ப வர வேண்டும், இந்த வறட்சியில் அவை மட்காமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

கே: முதன்முறையாக பைனாகுலர் வாங்கப் போகிறேன். 10 மடங்கா, 8 மடங்கா? வாங்கியவர்கள் பலர் ‘மங்கலாகவே தெரிகிறது’ என்கிறார்களே?
*வாசகர், டொரன்டோ*

8×42 வாங்குங்கள். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு. ஆற்றோரப் புதரில் துள்ளும் குருவியைப் பிடிக்க அகலமான பார்வைப் பரப்பு வேண்டும், அது எட்டில்தான் கிடைக்கும். 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். விடியல் வெளிச்சத்துக்கு அது போதும்.

மங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் சரிசெய்யாததே காரணம். இரண்டு குழலையும் விரித்து மடக்கி ஒரே வட்டமாகத் தெரிய வையுங்கள். கண்ணாடி அணிபவர் கண் பக்கத்து ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிடுங்கள், அணியாதவர் வெளியே இழுங்கள். இருபது மீட்டர் தள்ளி ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து, வலக் கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடக் கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது இடக் கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக் குழலில் இருக்கும் டயாப்டர் வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அந்த அளவைக் குறித்து வையுங்கள். அதன் பிறகு எப்போதும் நடுச் சக்கரம் மட்டுமே. வீட்டில் வேறு ஒருவர் பயன்படுத்தினால் டயாப்டர் மாறிவிடும், அதுதான் மறுபடி மங்கலாவதற்குக் காரணம்.

எல்லாம் சரியாக இருந்தும் பத்து, பதினொரு மணிக்கு மேல் தொலைவில் உள்ள கூடு நெளிந்து தெரிந்தால் அது கருவியின் குற்றமல்ல. சூடான பாறையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. அதிக விலைக் கருவியும் அதைச் சரிசெய்யாது. தொலைவுப் பறவைகளைக் காலையிலேயே பாருங்கள்.

கே: பாம்பு உண்டா?
*வாசகர், போர்ட்லண்ட்*

உண்டு. வெஸ்டர்ன் ராட்டில்ஸ்நேக், நம் கண்ணாடி விரியனின் குடும்பம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நடமாடும். காலையில் வெயில் காயப் பாதையோரப் பாறையில் கிடக்கும், கடும் வெயிலில் புதர் நிழலுக்குப் போய்விடும். கண்ணை பைனாகுலரில் வைத்தபடி ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள். பறவை பார்ப்பவர்களுக்கு இது முதல் விதி. கையை ஊன்றும் முன் அந்த இடத்தைப் பாருங்கள், உட்காரும் முன்பும். சலசலப்பு கேட்டால் குதிக்காமல் நின்று, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

கடித்துவிட்டால்: மோதிரம், கடிகாரம், வளையலை உடனே கழற்றுங்கள், வீக்கம் வந்தால் கழற்ற முடியாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. அவசர உதவி எண் 911ஐ அழைத்து, எந்த டிரெயில், பாறையின் முன்பக்கமா மேற்குப் பக்கமா என்று சொல்லுங்கள். எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. கூட இருப்பவர் சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் அழைக்க வேண்டியிருக்கலாம், அதனால் தனியாகப் போகாதிருப்பது நல்லது.

பாம்பைவிட நிச்சயமாகச் சந்திக்கப்போவது சீட்கிராஸ் என்ற புல்லின் விதை. சாக்ஸில் குத்தி உள்ளேறும். சாக்ஸை மூடும் நீளப் பேன்ட் போடுங்கள். நம் ஊர் நெருஞ்சியும் ஒரிகனில் களையாகப் பரவியிருக்கிறது. மெல்லிய ரப்பர் செருப்பை அது துளைத்துவிடும்.

கே: மேப்பில் ஆஸ்டரிஸ்க் பாஸ் என்று குறுக்குவழி தெரிகிறது. சின்னப் பையனோடு போகலாமா? நாயும் வருகிறது.
*வாசகர், பெண்ட்*

கூடாது. அது பாதையல்ல, கையையும் காலையும் பயன்படுத்தி ஏற வேண்டிய பாறை. அதில் சிக்கி நிற்கிறவர்களை இறக்குவது மீட்புக் குழுவுக்குப் பெரும்பாடு. பையனோடு ஆற்றோரமே போங்கள். பாறை ஏறுபவர்களுக்கு நேர் கீழே நிற்க விடாதீர்கள், கல் விழும். நாயை ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். நடை முடிந்ததும் அதன் காதையும் விரலிடுக்கையும் பாருங்கள், சீட்கிராஸ் விதை அங்கேதான் புகும்.

கே: மெர்லின் ஆப்பில் பறவைக் குரலைப் போட்டுக் காட்டினால் பறவை பக்கத்தில் வருமாமே? கூட்டைப் படமெடுக்க ட்ரோன் விடலாமா?
*வாசகர், ஆஸ்டின்*

இரண்டையும் செய்யாதீர்கள். கூடு கட்டும் காலத்தில் வேறொரு ஆண் பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது ஓடிவருகிறது. முட்டையை விட்டு வந்து வீணாகச் சண்டை போடும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு நட்டம். மெர்லினைக் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள், குரலைப் பதிந்து பெயர் சொல்லும் வசதி இலவசம். வட்டாரத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். ஆற்று இரைச்சலுக்குப் பக்கத்தில் தப்பாகச் சொல்லும். பத்து அடி தள்ளி நின்று பதியுங்கள், கண்ணால் பார்க்காததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கோல்டன் ஈகிள் குளிர்காலக் கடைசியில் முட்டையிடும். அடைகாக்க ஆறு வாரம், குஞ்சு பறக்க மேலும் பத்து வாரம் போல. அந்தக் காலம் முழுவதும் கூட்டுக்குப் பக்கத்துப் பாறைகளையும் சில பாதைகளையும் மூடி அறிவிப்புப் பலகை வைப்பார்கள். ஒரே கூட்டுக்கு ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வரும் பறவை, ஒரு முறை கலைத்துவிட்டால் பாதிப்பு அந்தக் குஞ்சோடு நிற்காது, இடமே கைவிடப்படலாம். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் தளத்தில் பட்டியல் போடும்போது கூடு இருக்கும் இடத்தைக் குறிப்பில் எழுதாதீர்கள்.

கே: மங்கி ஃபேஸை எங்கிருந்து படமெடுப்பது?
*வாசகர், ஹூஸ்டன்*

சுமார் 107 மீட்டர் உயரத் தூண் அது. 1960 ஜனவரி முதல் தேதிதான் முதன்முதலில் அதன் உச்சியில் மனிதர்கள் ஏறினார்கள். மேலே சொன்ன வழியில் போனால் காலை எட்டு மணிக்கு ஆற்றோரத்திலிருந்து அதன் மேற்கு முகம் நிழலில் கறுத்துத் தெரியும், அப்போது படம் எடுக்க வேண்டாம். உச்சிக்குப் போனதும் கிழக்கு முகத்தில் காலை வெயில் விழுந்திருக்கும், பின்னால் த்ரீ சிஸ்டர்ஸ், மவுண்ட் ஜெபர்சன் பனிமலைகள். அங்கே 24 முதல் 35 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். விளிம்பு உதிரும் பாறை, பின்னாலேயே நில்லுங்கள். மேற்கு முகம்தான் வேண்டும் என்றால் மாலை நாலு மணிக்கு மேல் ரிவர் டிரெயிலுக்குத் தனியாக வர வேண்டும். பூங்கா இருட்டுவதற்குள் காருக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.